பாட்டி தொட்டுப் பார்த்த பாதம்

ஜனவரி மாதம், விடியற்காலை மூன்றரை மணி. நீலகிரியில் கட்டபெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து, நான் மருத்துவ உதவியாளராக இருக்கும் 108 ஆம்புலன்ஸுக்கு அழைப்பு. இரண்டாவது பிரசவம். ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் கிளம்பினோம். தொட்டபெட்டா சந்திப்புக்கு முன்பே தலை தெரிந்துவிட்டது. வண்டி ஓட்டும் பைலட் அண்ணன் ஓரங்கட்டினார்.

குழந்தை பிறந்ததும் நன்றாக அழுதது. துண்டால் துடைத்தேன், அதே துண்டில் சுற்றி மாமியார் கையில் கொடுத்தேன். நஞ்சுக்கொடி வந்த பிறகு தாய்க்கு ரத்தப்போக்கு அதிகமாக இருந்தது. அடிவயிற்றில் கை வைத்தால் கர்ப்பப்பை இறுகாமல் கொழகொழவென்று இருந்தது. போனில் டாக்டரிடம் கேட்டு கர்ப்பப்பையை இறுக வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி போட்டு, கர்ப்பப்பையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடத்தில் அது பந்து மாதிரி கெட்டிப்பட்டது. ரத்தமும் குறைந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

"தம்பி, புள்ள காலு ஐஸ் மாதிரி இருக்குதுங்களே" என்றார் அந்த மாமியார், குழந்தையின் பாட்டி.

புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். வயிறு வெதுவெதுப்பாக இருந்தது, பாதம் சில்லிட்டிருந்தது. அப்படி இருந்தால் குழந்தை குளிரோடு போராடுகிறது என்று பொருள். வயிறும் சில்லிட்டுவிட்டால் அது தோற்கத் தொடங்கிவிட்டது. பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். பனிக்குட நீர் உடம்பிலிருந்து ஆவியாகும்போதே சூட்டை எடுத்துக்கொண்டு போகும். நானோ ஈரத் துண்டிலேயே சுற்றிக் கொடுத்திருக்கிறேன். அதற்குள் பின்கதவை இரண்டு தடவை திறந்து மூடியிருந்தோம். வெளியே புல்லெல்லாம் உறைபனி.

ஈரத் துண்டை எறிந்துவிட்டு, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்தேன். தலைக்குக் குல்லாய் போட்டு, தாயின் வெறும் மார்பில் குப்புறப் படுக்க வைத்து, இருவருக்கும் மேலே கம்பளியைப் போர்த்தினோம். கொஞ்ச நேரத்தில் வாய் தேடியது, பால் குடிக்க வைத்தோம். குளிர்ந்த குழந்தை சூட்டுக்காக உடம்பில் இருக்கும் சர்க்கரையைச் செலவழித்துவிடும், அதனால் அந்தப் பாலும் மருந்துதான். ஊட்டி ஆஸ்பத்திரி வாசலில் பாதத்தைத் தொட்டபோது சூடு வந்திருந்தது. இதெல்லாம் பயிற்சியில் படித்தவைதான். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் என் கண் ரத்தத்தை விட்டு நகரவில்லை. பாட்டி தொட்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு குளிரை நான் தனி நோயாளியாகவே எண்ணிப் பார்க்கிறேன். மலையில் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். விரல் விறைத்திருந்தால், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் தப்பான எண்ணைக் காட்டும், இல்லையென்றால் எதையும் காட்டாது. விரலைத் தேய்த்துச் சூடாக்கி, திரையில் அலை ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம்தான் எண்ணை நம்ப வேண்டும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். சமவெளியில் 98 பார்த்துப் பழகியவர்கள் இங்கே ஆரோக்கியமான ஆளிடம் 94, 95 பார்த்தால் பதறுவார்கள். எண்ணோடு சேர்த்து அவர் எப்படி மூச்சு விடுகிறார், முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்த்தால் போதும், பதற்றம் தணிந்துவிடும்.

விபத்துகளில் இது இன்னும் முக்கியம். தேயிலை மூட்டை ஏற்றிய வண்டி மழையில் கவிழ்ந்தால், அடிபட்டவர் நனைந்த துணியோடு சரிவில் கிடப்பார். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது. நாம் அழுத்திக் கட்டுப்போட்டாலும் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் ரத்தத்தை நிறுத்தியதும் ஈரத் துணியைக் கத்தரித்து எடுத்துவிடுகிறேன். முதுகுக்கு அடியிலும் ஒரு கம்பளி போடுகிறேன், ஏனென்றால் குளிர் கீழே இருந்தும் ஏறும். இரவெல்லாம் வண்டியில் கிடந்த செலைன் பாட்டிலை அப்படியே ஏற்றுவதும் குளிரை நரம்புக்குள் விடுவதுதான். ஒரு பாட்டிலை எப்போதும் ஜெர்கினுக்குள் வைத்திருக்கிறேன். சாதாரண பாதரச ஜுரமானி 94 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே காட்டாது, அதை நம்பி இருக்க முடியாது. கை வைத்துப் பார்ப்பதுதான் வழி.

இப்போது ஷிப்ட் தொடங்கும்போது ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பார்த்த கையோடு கம்பளிகளையும் முகர்ந்து பார்க்கிறேன். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் இங்கே எதுவும் காயாது. ஈரவாடை அடித்தால் வீட்டுக்கு எடுத்துப்போய் அடுப்பங்கரைக் கொடியில் போடுவேன். மறுநாள் கொண்டுவரும்போது கம்பளியில் விறகுப்புகை வாசம் இருக்கும். ஏறும் பாட்டிகள் யாரும் அதைக் குறை சொன்னதில்லை.