நாற்பதுக்கு மேல் முதுகலை: பணத்துக்கு என்ன செய்தேன்

வேலையில் இருக்கும் ஒருவர் நாற்பதைத் தாண்டிப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினால், பெரிய செலவு கல்விக் கட்டணம் இல்லை. வராமல் போகும் சம்பளம்தான். ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் இது உறைத்தது. ஒரு பக்கம் கட்டணம், தேர்வுக் கட்டணம், புத்தகம், போக்குவரத்து. மறுபக்கம் இரண்டு வருடச் சம்பளம், அதோடு நின்றுபோகும் ஓய்வூதியச் சேமிப்பு, தள்ளிப்போகும் ஊதிய உயர்வு. முதல் பக்கத்தில் எழுதியதெல்லாம் இரண்டாவதற்கு முன்னால் சில்லறையாகத் தெரிந்தது.

அதனால் கடன் தேடும் முன், படிப்பை மெதுவாக முடிக்க வழி உண்டா என்று பார்த்தேன். அதே பட்டத்தைப் பகுதிநேரமாக நான்கு வருடத்தில் முடிக்கலாம். கட்டணமும் கிரெடிட் (ஒவ்வொரு பாடத்தின் அளவையும் குறிக்கும் அலகு) கணக்கில்தான், எடுக்கும் பாடத்துக்கு மட்டும் கட்டினால் போதும் என்றார்கள். சம்பளம் நிற்காது. ஆனால் பகுதிநேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. உதவித்தொகையோ கடனோ, ஒரு செமஸ்டரில் குறைந்தது இத்தனை கிரெடிட் எடுத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருப்பார்கள். ஒரு பாடத்தைக் கூடுதலாக எடுத்தால் அந்த வரம்பைத் தொட்டுவிடலாம் என்று தெரிந்ததும் கால அட்டவணையை அதற்கேற்ப மாற்றிக்கொண்டேன். அந்த செமஸ்டரில் தூக்கம் குறைந்தது வேறு கதை.

இன்னொன்றையும் பாடங்களைப் பதிவு செய்யும் முன்பே கேட்டுவிட வேண்டும்: பழைய படிப்புக்கும் வேலை அனுபவத்துக்கும் பாட விலக்கு கிடைக்குமா? எல்லாப் பல்கலைக்கழகங்களும் தருவதில்லை. தரும் இடங்களில் பழைய பாடத்திட்டம், மதிப்பெண் பட்டியல், செய்த வேலையின் விவரம் எல்லாம் கேட்பார்கள். எனக்கு இரண்டு பாடங்களுக்கு விலக்கு கிடைத்தது. உதவித்தொகைக்கு எழுதும் எந்தக் கட்டுரையும் இவ்வளவு சுலபமாகப் பணத்தை மிச்சப்படுத்தாது.

உதவித்தொகையில் நேரம் நிறையப் போனது, பலன் கொஞ்சம்தான். பலவற்றில் வயது வரம்பு உண்டு. சிலவற்றில் வரம்பு இல்லாவிட்டாலும் படிவம் இருபது வயதுக்காரருக்காகவே தயாரானது. 'பெற்றோரின் ஆண்டு வருமானம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? கடைசியில் உதவியது துறைக்குள்ளேயே இருந்த ஒரு சிறிய கட்டணச் சலுகை. விளம்பரம் எதுவும் இல்லை, துறை அலுவலகத்தில் நேரில் கேட்டதால்தான் தெரியவந்தது.

அப்புறம் நிறுவனம். ஊழியர் படிப்புக்கு உதவும் திட்டம் காகிதத்தில் அழகாக இருந்தது. கேள்விகளை எழுதிக்கொண்டு போய் ஹெச்.ஆர். அறையில் உட்கார்ந்தேன். பணம் முன்கூட்டி வராது. தேர்ச்சி பெற்று, ரசீது காட்டிய பிறகே வரும். ஆக முதல் செமஸ்டர் கட்டணம் கையில் இருந்தாக வேண்டும். படிப்பு முடிந்து இரண்டு வருடம் அங்கேயே வேலை செய்ய வேண்டும். நடுவில் விலகினால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். முழுதாகவா, வேலை செய்த மாதங்களைக் கழித்துவிட்டா? ஒப்பந்தத்தில் அது இல்லை. கழித்துத்தான் என்று எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போட்டேன். நிறுவனமே வேலையை விட்டு அனுப்பினால் திருப்பித் தர வேண்டியதில்லை என்ற வரியையும் சேர்க்கச் சொன்னேன். கொஞ்சம் முகம் சுளித்தார்கள், ஆனால் சேர்த்தார்கள்.

மிச்சத்துக்குத்தான் கடன். வங்கியில் முதலில் கேட்டது ஓய்வு பெறும் வயது. தவணைகள் அதற்குள் முடிய வேண்டும் என்பதால், இளைஞருக்குக் கிடைக்கும் நீண்ட காலம் நமக்குக் கிடைக்காது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. 10 சதவீத வட்டியில் 100 வாங்கி 10 வருடத்தில் மாதத் தவணையாக அடைத்தால் மொத்தம் ஏறக்குறைய 159 கட்டுவோம். 5 வருடத்தில் அடைத்தால் 127 போல.

படிக்கும்போது தவணை இல்லை என்பதை 'வட்டியும் இல்லை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே 10 சதவீதம் தனிவட்டியாக 3 வருடம் ஓடினால் 100 என்பது 130 ஆகி நிற்கும். தவணை அந்த 130-லிருந்து தொடங்கும். சம்பளம் வந்துகொண்டிருந்ததால் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவிடுகிறேன். இன்னொரு வசதி, அனுமதித்த தொகை முழுவதையும் ஒரேயடியாக எடுக்க வேண்டியதில்லை. செமஸ்டருக்குத் தேவையானது மட்டும் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது, எடுத்ததற்கு மட்டுமே வட்டி ஓடுகிறது. நிறுவனப் பணம் வரும் செமஸ்டர்களில் கடனைத் தொடுவதே இல்லை.

ஓய்வுக்கால சேமிப்பை உடைக்கலாமே என்று வீட்டில் பேச்சு வந்தது. மறுத்துவிட்டேன். இந்த வயதில் எடுத்தால் அதை மறுபடி வளர்க்க வருடங்கள் மிச்சமில்லை. கடனைச் சம்பளத்தில் அடைத்துவிடலாம்.

இப்போது ஆய்வேட்டுக் கட்டம். இதற்குச் சம்பளமில்லா விடுப்பு தேவைப்படும் என்று ஆரம்பத்திலேயே தெரிந்ததால், மூன்று மாத வீட்டுச் செலவைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வந்திருக்கிறேன். விடுப்பு விண்ணப்பம் மேலாளர் மேசையில் இருக்கிறது. கிடைக்காவிட்டால் ஒரு செமஸ்டர் நீட்டிக்க வேண்டியிருக்கும். அதற்குத் தொடர் பதிவுக் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்துவிட்டேன், ஒதுக்கியதிலேயே அடங்கிவிடும்.