தண்ணி எதால போறது?

சொதியை அடுப்பிலிருந்து இறக்கி மேசையில் வைத்து, திரைந்துவிடாமல் அகப்பையால் ஆற்றிக்கொண்டு நின்றேன். சட்டிக்குள் ஒரு சொட்டு விழுந்தது. நான் இன்னும் தேசிக்காய் பிழியவில்லை. அடுத்த சொட்டு கையில் விழுந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். குசினிச் சீலிங்கில் சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஒரு கறை, வெள்ளைத் துணியில் தேயிலைச் சாயம் ஊறினதுபோல. அதன் நடுவில் மூன்றாவது சொட்டு ஆறுதலாகத் திரண்டுகொண்டிருந்தது.

நேர் மேலே குளியலறை. இரண்டிரண்டு படியாக ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"திறந்துதான் கிடக்கு, வா பிள்ளை."

பாத் டப்புக்கும் கொமட்டுக்கும் இடையில், என் மகள் சின்னதில் பல் தீட்ட ஏறி நின்ற பிளாஸ்டிக் முக்காலி. அதில் அம்மா குறுக்குக்கட்டோடு இருந்து, வாளியிலிருந்து பேணியால் அள்ளி அள்ளித் தோளில் வார்த்துக்கொண்டிருந்தார். கால் துடைக்கும் விரிப்பு மிதக்காத குறை.

"அம்மா, வெளியில ஊத்தக் கூடாதெல்லே! கீழ ஒழுகுது!"

அம்மா பேணியைப் பிடித்தபடி நிலத்தை மூலைக்கு மூலை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப இதுக்குள்ள தண்ணி எதால போறது?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

நான் கல்யாணமாகிக் கனடாவுக்கு வந்தது 2006இல். ஸ்காபரோவில் இந்த வீட்டை வாங்கியும் பன்னிரண்டு வருடமாகிறது. இந்த நாட்டு வீட்டை மேய்க்கத் தெரிந்த ஆள் என்ற நினைப்பு எனக்கு உண்டு. ஃபர்னஸ் ஃபில்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவேன். ஐப்பசி முடியுமுன் முற்றத்துக் குழாய்க்குப் போகும் தண்ணீரை உள்ளே அடைத்து, மிச்சத்தை வடியவிடுவேன். இல்லாவிட்டால் உறைந்து குழாய் வெடித்துவிடும். நடுச்சாமத்தில் புகை அலாரம் 'கீச்' என்றால், நெருப்பில்லை, பற்றரிதான் என்று கண்ணைத் திறக்காமலே சொல்வேன். நிலக்கீழ் அறையில் பனிக்காலம் முழுக்க ஒரு கான் மணம், சாக்கடை நாற்றம், அடிக்கும். அதற்கும் வாசனை மெழுகுதிரி கொளுத்தி வைத்துப் பழகியாயிற்று. ஆனால் குளியலறை நிலத்தில் தண்ணீர் போக ஒரு ஓட்டை இல்லை என்பது, அம்மா கேட்கும்வரை எனக்குக் குறையாகவே படவில்லை. பட்ட பிறகு வேறெந்த யோசனையும் வரவில்லை.

நிலம் என்று நாங்கள் சொல்வது இங்கே நிலமும் இல்லை. மேலே ரைல்ஸ், அதற்குக் கீழே ஒட்டுப்பலகை, அதற்குக் கீழே மரச்சட்டங்கள், அவற்றின் அடியில் முடுக்கிய அரை அங்குல ஜிப்சம் அட்டை. இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டிய அட்டை. அதுதான் என் குசினிச் சீலிங். டப்புக்குள்ளும் கை கழுவும் தொட்டிக்குள்ளும் விழுகிற தண்ணீருக்கு வழி உண்டு. வெளியே சிந்தினால் துடைக்க வேண்டியதுதான். கழுவி ஊற்றாத குளியலறையை எப்படிச் சுத்தம் என்று சொல்வது? துடைத்த ஊத்தை துணியோடு வீட்டுக்குள்தானே கிடக்கிறது? இதை இவரிடம் கேட்டேன், மகளிடம் கேட்டேன், வேலையிடத்தில் ஒரு போலந்துப் பெண்ணிடம்கூடக் கேட்டேன். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

ஊரில் எங்கள் வீட்டுக் குளியலறைக்குச் சீமெந்து போட்ட மேசன், வேலை முடிந்ததும் காசுக்குக் கை நீட்டவில்லை. ஒரு வாளி தண்ணீரை மூலையில் ஊற்றிவிட்டுக் குந்தியிருந்து பார்த்தார். தண்ணீர் நேரே ஓட்டைக்கு ஓடியது. ஒரு இடத்தில் மட்டும் உள்ளங்கை அளவு தேங்கி நின்றது. "வாட்டம் காணாது" என்று தானே சொல்லி, அந்த இடத்தைக் கொத்திவிட்டு மறுநாள் வந்து திரும்பப் போட்டுக் கொடுத்தார். இங்கே மேல்மாடியில் வாட்டம் பார்க்க என்ன இருக்கிறது? கரம் போட் மாதிரி மட்டமாகக் கிடக்கிறது.

அந்தக் குளியலறை வருமுன் எல்லாருக்கும் கிணற்றடிதான். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கும் மாரி மழைதான் சீவியம். ஆகவே குளிக்கிற தண்ணீருக்கும் ஒரு வேலை இருந்தது. அப்பா துலாவால் அள்ளி என் தலையில் ஊற்றுவார்; சவர்க்கார நுரை கிணற்றுக்கட்டிலிருந்து இறங்கி வாய்க்காலுக்குள் திரும்பி வாழையடிக்குப் போகும். போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். "காணும், வாழை நனைஞ்சிட்டுது" என்பார் அப்பா. குளிப்பு முடிந்தது என்று அதற்குப் பொருள்.

சரி, சீலிங்குக்கு வருவோம். காரணம் அம்மா மட்டும்தானா, அல்லது உள்ளே குழாய் ஏதும் வெடித்துவிட்டதா என்ற பயத்தில் பிளம்பரைக் கூப்பிட்டேன். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் வருவார் என்றார்கள். வேலைக்கு லீவு போட்டுக் காத்திருந்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு வந்தார். சப்பாத்துக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டு, ஆசுப்பத்திரிக்குள் போகிறவர் மாதிரி உள்ளே வந்தார். அம்மா அதற்குள் தேத்தண்ணி ஊற்றிவிட்டார். அவர் தன் போத்தலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஏணியில் ஏறினார். சீலிங்கைச் சதுரமாக வெட்டி, டோர்ச் அடித்து, மேலே ஓடிப்போய்க் குழாய்களைத் திறந்து மூடி, கடைசியில் சொன்னார்: குழாயெல்லாம் நன்றாக இருக்கிறது, மேலே யாரோ நிலத்தில் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

"பிள்ளைகள்" என்றேன். வீட்டிலிருக்கும் ஒரே பிள்ளைக்குப் பதினாலு வயது. அவள் பக்கத்தில்தான் நின்றாள்.

வந்து பார்த்ததற்கு 160 டொலர், அதற்கு மேல் 13 வீத வரி. இரண்டு நாளுக்குள் நன்றாகக் காயவிடாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்று சொன்னார். ஓட்டையை அடைப்பது தன் வேலையில்லை, அதற்கு வேறு ஆள் என்றும் சொன்னார். வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்த அம்மாவுக்கு இரண்டு மனத்தாங்கல். "வெட்டினவன் அடைக்காமல் போறானோ?" அப்புறம், "தேத்தண்ணியும் குடிக்கேல்லை."

ஊர் என்றால் கூரை ஒழுகுவது ஒரு சம்பவமே இல்லை. தேங்காய் விழுந்து ஓடு உடையும்; மாரியில் சட்டி வைப்போம்; மழை விட்டால் யாராவது ஏறி ஓடு மாற்றுவார்கள். ஏறுகிறவர் ஒருவர் என்றால் கீழே நின்று பிழை சொல்ல நாலு பேர் இருப்பார்கள். இங்கே சீலிங்கில் சதுர ஓட்டை. அதை நோக்கி மேசைமேல் ஒரு காற்றாடி. நாங்கள் மூன்று நாள் படிக்கட்டில் இருந்து சாப்பிட்டோம். பக்கத்து வீட்டுக்குச் சங்கதியே தெரியாது.

ஆனால் எனக்குப் பெரிய பாடு சீலிங் இல்லை, அம்மாதான். அம்மா வந்தது, பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்குக் கொடுக்கிற சூப்பர் விசாவில். ஒரே தடவையில் ஐந்து வருடம்வரை இருக்கலாம். ஆனால் மாகாண மருத்துவக் காப்புறுதி கிடையாது. ஒரு லட்சம் டொலருக்குக் குறையாத தனியார் காப்புறுதி எடுத்துத்தான் கூப்பிட வேண்டும். அந்தப் பத்திரத்தில் எதற்கெல்லாம் தரமாட்டோம் என்று எழுதியிருந்ததை வாசித்த நாளிலிருந்து, ஈர நிலத்தைக் கண்டால் எனக்கு எலும்பு முறிகிற சத்தம் கேட்கும். டப்பின் விளிம்பு அம்மாவின் முழங்கால் உயரம். அந்த முழங்காலோ மடங்காது. டப்புக்கு உள்ளே இரண்டு கால், வெளியே இரண்டு கால் நிற்கிற ஒரு வாங்கு விற்கிறார்கள். இருந்தபடியே நகர்ந்து உள்ளே போகலாம். வாங்கி வந்து பூட்டினேன். அம்மா அதைச் சுற்றிப் பார்த்தார்.

"கதிரையில வைச்சுக் குளிப்பாட்ட நான் என்ன வருத்தக்காரியோ?"

ஷவரும் பிடிக்கவில்லை. அது குருவி குளிப்பாம். ஒரு வாளி தலையில் விழுந்தால்தான் குளித்ததாம். திரும்பவும் முக்காலி, வாளி, பேணி. நான் வாசலில் துணியோடு காவல். ஒருநாள் இரவு வேலை முடிந்து வந்த களைப்பில், "கொஞ்சம் அளந்து ஊத்துங்கோ அம்மா" என்று விட்டேன்.

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. 95 ஐப்பசிக் கடைசியில், சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் முழுக்க நடந்து தென்மராட்சிக்குப் போனபோது, முன்பின் தெரியாத ஒருவரின் வளவில் இருந்தோம். ஒரு கிணறு, ஊர்ப்பட்ட சனம். அம்மா விடிய நாலு மணிக்கு வரிசையில் நின்று ஒரு வாளி கொண்டுவருவார். குடிக்க, சமைக்க, எங்கள் மூன்று பேருக்கும் மேல் கழுவ எல்லாம் அதற்குள்தான். கடைசிப் பேணி தம்பியின் காலுக்கு. அந்த மாதங்களில் அம்மா குளித்ததை நான் பார்த்த ஞாபகம் இல்லை. அந்த மனுசியிடம்தான் அளந்து ஊற்றச் சொன்னேன்.

அம்மா "சரி" என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அம்மா தலை முழுகவில்லை. கேட்டதற்குத் தடிமன் என்றார். தும்மலைக் காணவில்லை.

சீலிங்கை நாங்களே அடைப்பது என்று முடிவானது அந்தச் சனிக்கிழமை. மகள் ஒரு காணொளி பிடித்துத் தந்தாள். அதில் ஒரு மனிதர் எட்டு நிமிடத்தில் அடைக்கிறார். எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. ஓட்டைக்குள் இரண்டு மரத்துண்டை வைத்து முடுக்கி, அவற்றில் புது அட்டையைப் பூட்டி, விளிம்புகளில் காகித நாடா ஒட்டி, அதற்கு மேல் ஒரு வெள்ளைக் களி பூச வேண்டும். களி இடியப்ப மாவைவிட இளக்கம், தோசை மாவைவிட இறுக்கம். அதனால் கை சீக்கிரம் பழகியது. தகட்டைச் சரித்துப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தால் படியும். இரண்டாம் தரம் தொட்டால் பிய்ந்துகொண்டு வரும். மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய ஒரு நாள். இவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு "கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் இடப்பக்கம்" என்று ஊரிலிருந்து வராத நாலு பேருக்கும் சேர்த்துப் பிழை சொன்னார். காய்ந்ததை உரஞ்சும்போது மா மாதிரித் தூள் கொட்டியது. கீழே பார்த்தால் முழுக்கத் திருநீறு பூசிய ஆண்டியாக நின்றார்.

தூசு அம்மாவுக்கு ஆகாது என்று அவரை நிலக்கீழ் அறைக்கு அனுப்பியிருந்தேன். மெழுகுதிரியும் ரிவியும் இருக்கிறது, பேசாமல் இருப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து சத்தம்.

"பிள்ளை! இஞ்ச கான் இருக்கு!"

இறங்கி ஓடினேன். உடுப்புத் தோய்க்கும் தொட்டிக்குப் பக்கத்தில், ஃபர்னஸிலிருந்து நாலைந்து அடி தள்ளி, சீமெந்துத் தரையில் வட்டமான இரும்புச் சல்லடை. பன்னிரண்டு வருடமாக அதன்மேல் ஊத்தை உடுப்புக் கூடையை வைத்திருந்தவள் நான். அம்மா கூடையைத் தள்ளிவிட்டு, தொட்டிக் குழாயில் ஒரு வாளி பிடித்து, மூலையில் ஊற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் யோசிக்காமல் சல்லடைக்குப் போனது.

"வாட்டம் இருக்கு" என்றார்.

ஃபர்னஸ் பக்கம் ஒரு திரை, நிலத்தில் வழுக்காத இறப்பர் விரிப்பு, சுவரில் பிடிகம்பி. படி பதின்மூன்று. நான் முன்னால் பின்பக்கமாக இறங்க, அம்மா ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் தோளையும் பிடித்து வருவார். முதல் வெள்ளிக்கிழமை சீயாக்காயும் தேசிக்காயும் அவித்து வைத்தோம். அம்மா முக்காலியில் இருந்து தலையைக் குனிய, நான் வாளியோடு தூக்கி ஊற்றினேன். "ஆ" என்றார். இன்னொன்று என்று கை காட்டினார். அதற்குப் பிறகு நானும் இரண்டு வெள்ளிக்கிழமை அங்கேதான் முழுகினேன். மேலே ஷவர் சும்மா கிடந்தது.

மூன்றாம் கிழமைதான் மகள் கேட்டாள், கீழே அந்த மணம் எங்கே என்று. மெழுகுதிரி கொளுத்தியே நாளாயிருந்தது. அவள் தேடி வாசித்தாள். சல்லடைக்குக் கீழே குழாய் வளைந்து இருக்குமாம். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டுமாம். வற்றிவிட்டால் கான் காற்று மேலே வருமாம். அவ்வப்போது ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லிப் போட்டிருக்கிறதாம். அம்மா இதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்க்கவில்லை. தேத்தண்ணியைத்தான் பார்த்தார். பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"அதுக்குப் பிறகு எங்க போகுது?" என்று பேத்தியிடம் கேட்டார்.

"ஹைலன்ட் கிரீக்கில துப்புரவாக்கி, ஒன்ராறியோ ஏரிக்குள்ள விடுவினம், அம்மம்மா."

"அப்ப குடிக்கிற தண்ணி?"

"அதுவும் ஒன்ராறியோ ஏரிதான்."

அம்மா கையிலிருந்த தேத்தண்ணியை மெல்ல மேசையில் வைத்தார். யன்னலுக்கு வெளியே மைனஸ் பதினெட்டு. முற்றத்துக் குழாய் பனிக்குள் தாழ்ந்து கிடந்தது.

"ரெண்டு வாழை வைக்க ஏலாதோ, பிள்ளை?"