இடித்துக் கட்டிய வளாகத்துக்குத் திரும்பி வந்த அனுபவம்

கடலூர் செம்மண்டலத்தைத் தாண்டி, நெல்லிக்குப்பம் சாலையில் உள்ள ஒரு வணிக வளாகத்தில் 2004 முதல் தையல் பொருட்கள் கடை நடத்தி வருகிறேன். பட்டன், ஜிப், ஊக்கு, நூல்கண்டு, லைனிங் துணி, புடவை ஃபால்ஸ், லேஸ், இவற்றோடு புடவை நிறத்துக்குப் பொருத்தமான உள்பாவாடை ஆகியவையே என் சரக்கு. 2022 மே மாதம், கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிய மாலாகக் கட்டப்போவதாகவும் மூன்று மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் உரிமையாளரிடமிருந்து கடிதம் வந்தது. அன்று தொடங்கி, 2024 அக்டோபரில் அதே மனையில் மறுபடியும் ஷட்டரைத் தூக்கிய நாள் வரை நடந்ததை, இதே நிலையில் இருக்கும் சிறு கடைக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

இடிக்க வேண்டிய கட்டடம்தான் அது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது பெயர்ந்த முகப்பு ஒழுங்காகச் சீரமைக்கப்படவே இல்லை. ஐப்பசி பிறந்தால் மாடித் தாழ்வாரத்தில் வாளி வைக்க வேண்டியிருக்கும். கீழ்த்தளத்தில் இருந்த பல்பொருள் அங்காடி வெளியேறிய பிறகு, காய்கறி வாங்க வந்துவிட்டு அப்படியே நூல் வாங்கிப் போகும் பெண்கள் வருவது நின்றுபோனது. தையற்காரர்கள் மட்டுமே என்னைத் தேடி வந்தார்கள். ஆகவே புதுக் கட்டடம் வருகிறது என்றபோது எனக்கு வருத்தத்தைவிட நம்பிக்கையே அதிகமாக இருந்தது.

கட்டட உரிமையாளரான பெரியவர் காலமான பிறகு நிர்வாகத்தை ஏற்ற அவருடைய மகன், “உங்களுக்கு இல்லாத கடையா அக்கா?” என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பி, இருபத்திரண்டு கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒரு மாதத்துக்குள் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். நானும் கொடுத்திருப்பேன். என் நாத்தனாரின் கணவர்தான், வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்காமல் சாவியைக் கையிலிருந்து விடாதே என்று சொல்லித் தடுத்தார்.

அந்த வழக்கறிஞர் விளக்கியதுதான் இந்தப் பதிவின் சாரம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் குறித்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் வீடுகளுக்கு மட்டுமல்ல, கடைகளுக்கும் பொருந்தும். வாடகை உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது அந்தச் சட்டம். இடித்துக் கட்டுவதற்காக இடத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று அதன் 21ஆம் பிரிவு உரிமையாளருக்கு வழி தருகிறது. ஆனால் கட்டி முடித்த பிறகு பழைய வாடகைதாரர் உள்ளே வரலாம் என்பது, இரு தரப்பும் அதற்கு ஒப்புக்கொண்டு, புதிய உடன்படிக்கையை வாடகை அதிகாரியிடம் தாக்கல் செய்திருந்தால் மட்டுமே செல்லும். பதினெட்டு ஆண்டுகள் ஒரு மாத வாடகைகூடத் தவறாமல் கொடுத்திருந்தாலும், எழுத்தில் இல்லையென்றால் திரும்பி வரும் உரிமை இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளே உரிமையாளரிடம் சென்று, “தம்பி, நீங்க சொன்னதையே ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துடுங்க, நான் சாவியைக் கொடுத்துடுறேன்” என்றேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் அவர் அனுப்பிய வரைவு, கடைகளை வாடகைக்கு விடும் பொறுப்பை ஏற்றிருந்த சென்னை முகவர் தயாரித்தது. அதில் எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது 210 சதுர அடி, சதுர அடிக்கு 65 ரூபாய். பழைய கடை 180 சதுர அடி, 50 ரூபாய் வீதம் 9,000 ரூபாய் வாடகை. இடம் பெரிதாகிறதே என்று முதலில் மகிழ்ந்துவிட்டேன்.

வரைபடத்தை வாங்கிக் கணக்குப் போட்ட பிறகுதான் உண்மை தெரிந்தது. 210 என்பது படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை, கழிப்பறை ஆகியவற்றில் என் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்ட் அப் அளவு. சுவருக்கு உள்ளே கால் வைக்கக் கிடைப்பது 145 சதுர அடி. 13,650 ரூபாய் வாடகையை 145ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 94 ரூபாய் ஆகிறது. இதோடு பொதுப் பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 12 ரூபாய், அதுவும் 210க்கு. இரண்டின் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி. நான் காம்போசிஷன் திட்டத்தில், அதாவது சிறு வணிகர்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறையில், வரி கட்டுகிறவள். கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியாது, முழுவதும் என் கையிலிருந்து போகிற செலவு. ஆக மொத்தம் மாதம் 19,080 ரூபாய். வாடகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதைவிடக் கடினமான சிக்கல் வேறிடத்தில் இருந்தது. மாலுக்குக் கூட்டத்தை இழுத்து வருவதற்காக, ஒரு பெரிய ஜவுளிக் கடையைக் குறைந்த வாடகையில் கொண்டுவருகிறார்கள். இந்தத் தொழிலில் அதை ஆங்கர் என்பார்கள். அதற்குக் கொடுக்கும் சலுகையைச் சிறு கடைகளின் வாடகையில்தான் ஈடுகட்டுகிறார்கள். அது வரும்போது தான் விற்கும் பொருளை அதே வளாகத்தில் வேறு யாரும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையையும் கொண்டுவருகிறது. அதனால் என் வரைவில், ஆயத்த ஆடை எதுவும் விற்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. உள்பாவாடையும் அதில் அடங்கும் என்றார் முகவர். லைனிங் எடுக்க வரும் பெண், அதே நிறத்தில் உள்பாவாடையும் கேட்பாள். இல்லை என்றால் இரண்டையும் வேறு கடையில் வாங்கிக்கொள்வாள். இதை அவருக்குப் புரியவைக்க நான்கு முறை பேச வேண்டியிருந்தது. கடைசியில், ஒரு புடவையையும் இருபது உள்பாவாடைகளையும் மேசையில் பரப்பி, இந்தப் பச்சைக்கு எது சேரும், நீங்களே எடுங்கள் என்றேன். அவர் எடுத்தது சேரவில்லை. நான் எடுத்துக் காட்டினேன். “புடவைக்குப் பொருத்தமான உள்பாவாடை நீங்கலாக” என்ற சொற்கள் அதன் பிறகு வரைவில் ஏறின.

இடத்தைப் பொறுத்தவரை, யாரும் கேட்காத பின்பக்கப் படிக்கட்டை ஒட்டிய மூலையை நானே கேட்டு வாங்கினேன். உள் அளவு 172 சதுர அடி; வாடகையும் பராமரிப்பும் உள் அளவுக்கே கணக்கிடப்படும் என்று எழுதச் செய்தேன். சதுர அடிக்கு 72 ரூபாய் வாடகை, 8 ரூபாய் பராமரிப்பு, வரியுடன் மாதம் 16,236 ரூபாய். முன்பணம் 90,000 ரூபாயில் பாதியை உடனே திரும்பக் கொடுப்பது, மீதியைப் புதுக் கடைக்கு வரவு வைப்பது என்பதும் எழுத்தில் வந்தது. உடன்படிக்கையை வாடகை அதிகாரியிடம் தாக்கல் செய்து, பதிவு எண் வந்த பிறகே சாவியைக் கொடுத்தேன்.

தொண்ணூற்றாறு இழுப்பறைகள் கொண்ட என் பட்டன் அலமாரி தேக்கில் செய்தது. ஒவ்வோர் இழுப்பறையின் முகப்பிலும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிவதற்காக ஒரு பட்டனைத் தைத்து வைத்திருப்பேன். அதை இரண்டாகக் கழற்றி, குட்டியானை வண்டியில் ஏற்றி, திருப்பாதிரிப்புலியூரில் லாரன்ஸ் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், வீட்டின் முன்னறைக்குக் கொண்டுபோனோம். வீட்டு இணைப்பில் கடை நடத்தக் கூடாது என்பதால் வணிகக் கட்டணத்தில் தனி மின் இணைப்பு பெற ஒரு மாதம் ஓடிவிட்டது. தொழில் நடக்கும் முகவரி மாறினால் 15 நாட்களுக்குள் ஜிஎஸ்டி பதிவிலும் மாற்ற வேண்டும். இடம் மாறும் மும்முரத்தில் பலரும் மறந்துவிடுவது இதைத்தான்.

பதினான்கு மாதங்களில் முடியும் என்ற கட்டுமானம் இருபத்தாறு மாதங்கள் எடுத்தது. அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சேமிப்பு கரைந்தது, தையற்காரர்கள் என்னைக் கைவிடவில்லை.

2024 செப்டம்பரில் சாவி வாங்கப் போனபோது இன்ச் டேப்பை எடுத்துச் சென்றேன். அறுபது அங்குல டேப்பால் கடையை அளப்பதைப் பார்த்து, பொறியாளர் தம் இரும்பு டேப்பைக் கொடுத்தார். இரண்டிலும் 164தான் வந்தது. தீயணைப்புக் குழாய்க்காக ஒரு சுவரை உள்ளே தள்ளிக் கட்டியிருந்தார்கள். உள் அளவுக்கே வாடகை என்று எழுதியிருந்ததால் பேச்சு நீளவில்லை. 164க்கே கணக்கு மாறியது.

தீபாவளிக்கு முன் கடை திறந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது; அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூரைச் சூழ்ந்தது. வளாகத்தின் அடித்தள வாகன நிறுத்தத்தில் ஆள் உயரத் தண்ணீர். அதை இறைத்த செலவு, டிசம்பர் பராமரிப்புக் கட்டணத்தில் தனி வரியாக எல்லாக் கடைகளுக்கும் வந்தது. பொதுப் பராமரிப்பில் எவை அடங்கும், எவை அடங்காது என்று பட்டியல் கேட்டு வாங்க நான் தவறிவிட்டேன். அதைச் சேர்க்க வேண்டும் என்று இப்போது ஐந்து கடைக்காரர்கள் சேர்ந்து கடிதம் கொடுத்திருக்கிறோம்.

பழைய இருபத்திரண்டு பேரில் திரும்பி வந்தவர்கள் நான்கு பேர். ஜெராக்ஸ் கடைக்காரரும் கைக்கடிகாரம் பழுது பார்த்தவரும் வாய்வார்த்தையை நம்பிச் சாவியைக் கொடுத்தவர்கள். அவர்கள் இடத்தில் இப்போது அழகு சாதனக் கடையும் கைபேசிக் கடையும் இருக்கின்றன. மாடியில் ரவிக்கை தைத்த அண்ணன் இப்போது வீட்டுத் திண்ணையில் தைக்கிறார். வாரம் ஒரு முறை அவருக்குத் தேவையான ஊக்கும் லைனிங்கும் என் கடைப் பையன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறான்.