வழித்துணை நாதரிடம் கேட்டது

விரிஞ்சிபுரத்துச் சாமியை மார்க்கபந்தீஸ்வரர் என்றும் வழித்துணை நாதர் என்றும் எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்தில் சொல்வார்கள். நெடுந்தூரம் கிளம்புகிறவர்கள் அவரை நினைத்துக்கொண்டுதான் வாசல் தாண்டுவார்கள். எங்கள் ஆரணிக்குப் பக்கத்து அடையபலத்தில் பிறந்த அப்பைய தீட்சிதர் இந்த ஈசன்மேல் பாடிய மார்க்கபந்து ஸ்தோத்திரத்தைப் பயணத்துக்கு முன்னால் சொல்கிற வழக்கம் இன்றைக்கும் பல வீடுகளில் உண்டு. என் மாமனாருக்கு ஸ்லோகம் எல்லாம் வராது. ஆனால் சேலை மூட்டையோடு காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறும்போதெல்லாம் "வழித்துணை நாதா" என்று ஒரு முறை சொல்லிவிட்டுத்தான் படியில் கால் வைப்பார்.

நான் இப்போது அங்கே போனது எந்த ஊருக்கும் கிளம்புவதற்காக இல்லை. என் வலது தொடையில் ஒரு கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

தறிக்கு ராட்டையில் நூல் தார் சுற்ற உட்கார்ந்தபோதுதான் முதலில் தெரிந்தது. தொடையின் பின்பக்கம் ஏதோ அழுத்துகிற மாதிரி இருந்தது. தடவிப் பார்த்தால் உள்ளே ஆழத்தில் கெட்டியாக ஒன்று. வலி கிடையாது. வலிக்கவில்லை என்பதாலேயே "கொழுப்புக் கட்டியாத்தான் இருக்கும், விடு" என்றார் அண்ணன். பக்கத்தில் ஒரு டாக்டரும் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "நாளைக்கே வாங்க, கீறி எடுத்துடலாம்" என்றார். நர்ஸிங் படிக்கிற அண்ணன் மகள்தான் தடுத்தாள். "ஸ்கேன் எடுக்காம யாரையும் கத்தி வைக்க விடாதீங்க அத்தை."

அவள் சொன்னது எவ்வளவு சரி என்று வேலூருக்கு வந்த பிறகு புரிந்தது. கட்டி 5 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, சதைக்குள் ஆழமாக இருந்தாலோ, நாளுக்கு நாள் வளர்ந்தாலோ, வலி இல்லாவிட்டாலும் முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் பயாப்ஸி, அதாவது ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிப்பது. என்ன கட்டி என்று தெரியாமல் அரைகுறையாக எடுத்துவிட்டால், அது கெட்ட கட்டியாக இருக்கிற பட்சத்தில் மறுபடியும் பெரிய ஆபரேஷனில் போய் நிற்கும். ஊசி எந்த இடத்தில் நுழைய வேண்டும் என்பதைக்கூட, பின்னால் ஆபரேஷன் செய்யப் போகிறவர்தான் தீர்மானிக்கிறார். தேவைப்பட்டால் அந்த ஊசி போன தடத்தையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்குமாம். இதைப் படிக்கிற யாருக்காவது இப்படி ஒரு கட்டி இருந்தால், தயவுசெய்து இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

சர்ஜன் நிதானமான மனிதர். "மென்திசுக் கட்டின்னு வர்றதுல மிகப் பெரும்பாலானது சாதாரணக் கட்டிதாம்மா. சர்கோமாங்கிற புற்றுநோய் அரிது. பெரியவங்களுக்கு வர்ற புற்றுநோய் அத்தனையிலும் நூத்துல ஒண்ணு மாதிரிதான். ஆனா உங்களுது எதுன்னு படத்தை வெச்சுச் சொல்ல மாட்டேன்" என்றார். அரிது என்கிற சொல் பகலில் தைரியமாக இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு அந்தச் சொல் என்னைக் கைவிட்டுவிடும். போர்வைக்குள் கை தானாகத் தொடைக்குப் போகும். நேற்றைக்கு இருந்ததைவிடப் பெரிதா, அதே அளவா? பிறகு போனை எடுப்பேன். சர்கோமாவில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள். ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க எல்லாமே என்னுடையதாகத் தெரியும்.

ரிசல்ட்டுக்கு ஏன் இவ்வளவு நாள் என்று லேபில் கேட்டேன். அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினார். எடுத்த சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்களாம். அதில் பிடிபடாவிட்டால் கட்டியின் வகையைக் காட்டுகிற தனித்தனி மார்க்கர்கள் போட்டு மறுபடி பார்ப்பார்கள். ஒரு கட்டிக்கும் இன்னொரு கட்டிக்கும் பார்வைக்கு அவ்வளவு சின்ன வித்தியாசம். தாமதம் என்றால் கெட்ட செய்தி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை என்று கேட்டதே ஒரு பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது.

ஸ்கேனுக்கு வந்த அன்று நடுவில் நேரம் கிடைத்ததால் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரையும் பார்த்தோம். பல நூற்றாண்டுகள் அந்தக் கோயிலில் மூலவர் இல்லை. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981இல்தான் மறுபடி கோட்டைக்குள் பிரதிஷ்டை நடந்தது. கல்யாண மண்டபத்துச் சிற்பங்களை நின்று பார்க்கிற மனநிலை அன்றைக்கு எனக்கு இல்லை. திருநீற்றைப் பேப்பரில் மடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டேன்.

அங்கே ஸ்கேன் அறைக்கு வெளியே பக்கத்து நாற்காலியில் ஒரு வங்காளத்து அம்மா. வேலூரில் இது புதிதில்லை. ஆஸ்பத்திரிகளைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் போர்டுகள்கூட வங்காள மொழியில் இருக்கும். வெள்ளைச் சங்கு வளையல், சிவப்பு வளையல், உச்சியில் குங்குமம். மடியில் பெரிய ஸ்கேன் கவர். கூட அவர் மகன், மீசை முளைக்கிற வயது, ஒரு முழங்காலுக்கு மேலே வீக்கம். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என்னுடையது தெரியாது. என் தொடையைக் காட்டினேன். அவர் மகனின் காலைக் காட்டினார். பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். அவர் ஒரு சிட்டிகை எடுத்து மகன் நெற்றியில் பூசினார். பிறகு என் கையைப் பிடித்தவர், பையன் பெயரைக் கூப்பிடும் வரைக்கும் விடவில்லை. அந்தப் பெயர் ஸ்பீக்கர் சத்தத்தில் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

பயாப்ஸி முடிந்து ஊருக்கு வந்த பிறகு ஒரு நாள் என் வீட்டுக்காரர், பாதி நெய்த சேலையைத் தறியிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தார். அதிகம் பேசுகிறவர் இல்லை. "செவ்வாய்க்கிழமை விரிஞ்சிபுரம் போய்ட்டு வரலாமா?" என்றார். சரி என்றேன்.

வேலூரில் பஸ் மாறி பெங்களூர் ரோட்டில் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை பொய்கையில் மாட்டுச் சந்தை. ரோடு நெடுக மாடு ஏற்றிய வண்டிகள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஆட்கள். பஸ் ஊர்ந்துதான் போனது. செதுவாலையில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். பாலாற்றங்கரை ஊர். மதில் அழகுக்குப் பெயர்போன கோயில். அந்த உயர்ந்த கல் மதிலை ஒட்டி ஆட்டோ திரும்பியபோதே எனக்குக் கண் கலங்கிவிட்டது, காரணம் சொல்லத் தெரியவில்லை.

வாசலில் பூ விற்கிற பாட்டி என் நடையைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, கால தாங்கித் தாங்கி நடக்கிற?"

"தொடையில கட்டி பாட்டி. சதை எடுத்து டெஸ்ட்டுக்குக் குடுத்திருக்கோம். இன்னான்னு இன்னும் தெரியல."

வெளி ஆள் ஒருவரிடம் நான் அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. என் மாமியாரிடமும் நாத்தனாரிடமும்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன். பாட்டி ஐயோ பாவம் என்று சொல்லவில்லை, தனக்குத் தெரிந்த யாருக்கோ வந்த கதையையும் எடுக்கவில்லை. பூவை முழம் போட்டு இலையில் வைத்துக்கொண்டே, "என்னாண்ட சொன்ன பாரு, அப்படியே போய் அவராண்ட சொல்லு" என்றார்.

மூலவர் லிங்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். அதற்கு ஒரு தலபுராணக் கதை. அண்ணாமலையில் முடியைக் கண்டேன் என்று பொய் சொன்ன பிரம்மன், இந்த ஊரில் அர்ச்சகர் வீட்டுப் பிள்ளையாகப் பிறக்கிறான். தகப்பன் இறந்துபோகிறார். பூஜை முறையைப் பறிக்கப் பார்க்கிற பங்காளிகளுக்கு நடுவில், சின்னப் பையன் கோயிலுக்குள் வருகிறான். அபிஷேகக் குடத்தைத் தூக்கினால் லிங்கத்தின் உச்சி எட்டவில்லை. எட்டாத பிள்ளைக்காக ஈசனே தலையைச் சாய்த்துக்கொடுத்தார் என்பது கதை. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் அன்றைக்குத் தீபாராதனை வெளிச்சத்தில் அந்தச் சாய்வைப் பார்த்தபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பயாப்ஸிக்குப் பிறகு எனக்குச் சரியாகக் கும்பிடவே வரவில்லை. "அதுவா இருக்கக் கூடாது, அதுவா இருக்கக் கூடாது" என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை. சாமியிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குருக்கள் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டார். சொன்னேன். "இன்னொரு பையனுக்கும் பண்ணணும் சாமி. பேர் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது" என்றேன். அவர் எதுவும் விசாரிக்கவில்லை. "அப்ப சுவாமி பேருக்கே பண்ணிடலாம்மா" என்று தட்டை வாங்கிக்கொண்டார்.

இங்கே சொல்கிற இன்னொரு கதை மிளகு வியாபாரியுடையது. மிளகு மூட்டைகளோடு காஞ்சிபுரம் போகிற வழியில் இந்தக் கோயிலில் தங்குகிறார். மேலே போகிற வழியெல்லாம் திருட்டுப் பயம். துணைக்கு நீதான் வர வேண்டும் என்று கேட்கிறார். காவல் வீரனாக ஒருவர் வந்து கூடவே நடக்கிறார். அது யார் என்று வியாபாரிக்கு வழியில் தெரியாது. அவர் சாமியிடம் காட்டை அழிக்கச் சொல்லவில்லை, திருடனே இருக்கக் கூடாது என்றும் கேட்கவில்லை. கூட வரச் சொன்னார், அவ்வளவுதான். எனக்கும் கேட்கத் தெரிந்தது அதுதான். ரிசல்ட் கவரைப் பிரிக்கும்போது கூட இரு. சாதாரணக் கட்டி என்றால் வீடு வரைக்கும் கூட வா. இல்லை, ஆபரேஷன், ரேடியேஷன் என்று நீள்கிற வழியாக இருந்தால், அந்த வழியிலும் வா. கண்ணாடியில் ஏற்றிய அந்தச் சீவலில் இருப்பது எதுவோ அது ஏற்கெனவே இருக்கிறது, அதை மாற்றச் சொல்லிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கேட்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவரவர் பாரம் அவரவருக்கு.

மரகதாம்பிகையையும் கும்பிட்டுவிட்டு பிராகாரம் சுற்றினோம். நேரம் காட்டும் கல் இங்கே பார்க்க வேண்டிய ஒன்று. அரைவட்டக் கல்லில் 6 முதல் 12 வரைக்கும், 1 முதல் 6 வரைக்கும் எண்கள் வெட்டியிருக்கிறது. பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழுகிற இடம் மணி. என் வீட்டுக்காரர் ஒரு ஈர்க்குச்சியைத் தேடி எடுத்து வந்து வைத்தார். நிழல் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் விழுந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி கல்லைப் பார்த்தார். பட்டு இழை அறுந்த இடத்தைத் தேடும்போது அவர் குனிகிற குனிவு எனக்குத் தெரியும். அதே மாதிரி குனிந்து அந்த நிழல் நகர்கிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ராத்திரிகளில் தூங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சிம்ம தீர்த்தத்தையும் பார்த்தோம். கார்த்திகைக் கடைசி ஞாயிறு குழந்தை வரம் வேண்டிப் பெண்கள் நீராட வருவார்கள், அன்றைக்குக் கூட்டம் தாங்காது. கூட்டமில்லாத நாளில் போகிறவர்கள் நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும்.

திரும்பி வந்ததிலிருந்து பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். இரண்டு மணிக்கு இப்போதும் விழிப்பு வருகிறது. போனை மட்டும் அவர் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுக்கிறேன். விழித்தால் அவரை எழுப்பிவிடுகிறேன். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்கிறோம், பெரும்பாலும் சேலையைப் பற்றி.

வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். கேட்க வேண்டியதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். என்ன வகை, எந்த கிரேடு (எவ்வளவு தீவிரம்), இன்னும் ஏதாவது ஸ்கேன் வேண்டுமா, ஸ்லைடை இன்னொரு நிபுணர் பார்ப்பது அவசியமா, நடக்கிறதுக்குக் காலில் எவ்வளவு பலம் மிஞ்சும். சாதாரணக் கட்டி என்றாலும் கேட்கக் கேள்விகள் இருக்கின்றன, எடுக்க வேண்டுமா, விட்டுவைத்துப் பார்க்கலாமா என்று.

நேற்று நாத்தனாருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மூச்சு அழுதுவிட்டு, "இத்தன நாள் என்கிட்ட சொல்லாம எப்படி அண்ணி இருந்தீங்க? நான் வரேன்" என்றாள். வா என்றேன். காலை முதல் பஸ்ஸுக்கு ஆரணி பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பாள். ஸ்கேன் கவர் பெரிது, அதை அவள் வைத்துக்கொள்வாள். நோட்டில் பதில் எழுதுவது என் வீட்டுக்காரர் வேலை.