உப்பில் நிற்கும் நேரம்: லென்டிவைரஸைத் தூய்மைப்படுத்திய அனுபவம்

மரபணுவைச் செல்லுக்குள் கொண்டு சேர்க்கும் வாகனமான லென்டிவைரஸ் வெக்டரைத் தூய்மைப்படுத்துவதில் எந்த ரெசினை (வைரஸைக் கழிவிலிருந்து பிரித்தெடுக்கும் மணிகளை) வாங்குவது என்பதுதான் பெரிய முடிவு என்று இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் நினைப்பதுண்டு. இராணிப்பேட்டைக்கு அருகே ஒரு சிறிய உற்பத்திக் கூடத்தில் இந்த வேலையை அடியிலிருந்து நிலைப்படுத்தும் பொறுப்பில் இருந்த எனக்கு வேறு எண்ணம் உண்டு: ரெசின் எதுவாக இருந்தாலும், வைரஸ் அடர்ந்த உப்புக் கரைசலில் எத்தனை நிமிடம் நிற்கிறது என்பதே விளைச்சலைத் தீர்மானிக்கிறது.

எங்கள் பகுதிக்கு வைரஸ் புதியதன்று. 1932 முதல் இராணிப்பேட்டையில் இயங்கிவரும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் கோழிக்கும் ஆட்டுக்கும் தடுப்பூசி தயாரிப்பதை மூன்று தலைமுறையாக மக்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மனிதனின் இரத்தத் தண்டுச் செல்லுக்குள் (ஸ்டெம் செல்) ஒரு மரபணுவைக் கொண்டு சேர்க்கும் வெக்டர் அதிலிருந்து வேறான சரக்கு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இரத்தம் உறையாத நோயான ஹீமோஃபீலியா ஏ கடுமையாக உள்ள ஐந்து நோயாளிகளுக்கு லென்டிவைரஸ் வழியாக மரபணு சிகிச்சை அளித்ததன் முடிவுகள் 2024-இல் வெளியான பிறகு, இந்த வெக்டர் என்றால் என்ன என்று எங்கள் ஊர்க்காரர்களே கேட்கத் தொடங்கினார்கள்.

லென்டிவைரஸின் விட்டம் ஏறத்தாழ 120 நானோமீட்டர். அதன் வெளிப்புறம் தான் பிறந்த செல்லிலிருந்து உரித்துக்கொண்டு வந்த மெல்லிய கொழுப்புறை. செல்லுக்குள் நுழைய உதவும் விஎஸ்வி-ஜி என்னும் புரதம் அந்த உறையில் பதிந்திருக்கும். உறை கிழிந்தாலோ புரதம் உருக்குலைந்தாலோ, துகள் துகளாகவே மிதக்குமே தவிர, எந்தச் செல்லுக்குள்ளும் நுழையாது. 37 டிகிரி செல்சியஸில் அதன் தொற்றும் திறன் பத்து மணி நேரத்தில் பாதியாகிவிடும். பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 6-க்கோ 8-க்கோ நகர்ந்தால் சரிவு இன்னும் வேகமாகும். கொழுப்புறை இல்லாத, மற்றொரு வைரஸிலிருந்து செய்த ஏஏவி வெக்டரைக் கையாண்டு பழகியவர்கள் இங்கே வந்ததும் திணறுவது இதனால்தான்.

வைரஸை உற்பத்தி செய்யும் ஹெக் 293 என்னும் மனிதச் செல்கள் வளர்ந்த ஊடகத்திலிருந்து செல் சிதைவுகளை வடிகட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கடுத்து நியூக்ளியேஸ் நொதியால் மிச்ச டிஎன்ஏவைத் துண்டாக்க வேண்டும். அந்த நொதிக்கு மெக்னீசியம் கட்டாயம் தேவை. செல்லில் தயாரிக்கப்படும் தடுப்பூசிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு டோஸுக்கு 10 நானோகிராம் டிஎன்ஏ என்று வைத்திருக்கும் வரம்பையே நாங்களும் இலக்காகக் கொண்டோம்.

ஆய்வகங்களில் வைரஸை அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி அடியில் படியவைப்பார்கள். சில மில்லிலிட்டர்களுக்கு அது போதும். பல லிட்டர் ஊடகத்துக்கு அது ஒத்துவராது, படிந்த வைரஸை மறுபடி கரைக்கும்போது சேதமும் ஏற்படும். ஆகவே எதிர்மின் துகள்களைப் பிடிக்கும் அயனிப் பரிமாற்ற முறைக்கு வந்தோம். நடுநிலை பிஎச்-இல் வைரஸின் வெளிப்புறம் எதிர்மின்னூட்டம் கொண்டிருப்பதால், நேர்மின்னூட்டம் ஏற்றிய பரப்பில் அது ஒட்டிக்கொள்ளும். வழக்கமான ரெசின் மணிகளின் துளைகள் வைரஸ் நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை. துகள் மணியின் வெளித்தோலில் மட்டுமே ஒட்ட முடியும் என்பதால், லிட்டர் கணக்கில் ரெசின் நிரப்பினாலும் கொள்ளளவு சொற்பம். மணிகளுக்குப் பதில் ஒரே துண்டாக அமைந்த மோனோலித்திலும், தாள் போன்ற மெம்பிரேனிலும் கால்வாய்கள் மைக்ரான் அளவில் அகலமானவை. திரவம் நேராகப் பாய்ந்து வைரஸைப் பரப்பின் பக்கத்திலேயே கொண்டு சேர்க்கும். விலை கூடுதல்தான், ஆயினும் ஏற்றி இறக்கும் நேரம் வெகுவாகக் குறைகிறது என்ற ஒரே காரணத்துக்காக மோனோலித்தையே பரிந்துரைத்தேன்.

இனிதான் சிக்கலான பகுதி. ஒட்டிய வைரஸைக் கழற்ற உப்பு வேண்டும். 0.6 மோலாரிலிருந்து (மோலார் என்பது கரைசலின் செறிவு அலகு) 1 மோலாருக்கும் மேல்வரை சோடியம் குளோரைடு செலுத்தினால்தான் பெரும்பகுதி வெளியேறும். 1 மோலார் என்பது நம் இரத்தத்தில் உள்ள உப்புச் செறிவைப் போல ஆறு மடங்குக்கும் மேல்; அதில் நிற்க நிற்க வைரஸ் தொற்றும் திறனை இழக்கும். வெளிவரும் திரவம் புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் கோடு திரையில் அழகாக மேலெழும், கூர்மையான முகடு ஒன்று தோன்றும், பார்ப்பவர் மகிழ்ந்துபோவார். அந்த முகட்டை நான் ஒருபோதும் நம்பியதில்லை. வைரஸின் உள்ளிருக்கும் பி24 புரதத்தை எலைசா என்னும் புரத அளவீட்டுச் சோதனையால் அளந்தால் உயிருள்ளதும் செத்ததும் ஒன்றாகவே கணக்கில் வரும். செல்களில் தொற்றவிட்டு, தொற்றிய செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் எண்ணினால்தான் வேலைசெய்யும் துகள் எத்தனை என்பது தெரியும். முதல் மாதங்களில் பி24 கணக்கில் பெரும்பகுதி மீண்டது. செல் கணக்கிலோ அதில் பாதியைக்கூடக் காணவில்லை. செல் சோதனைக்கு மூன்று நான்கு நாள் ஆகும் என்பதால், அன்றன்றைக்கே முடிவெடுக்கப் பி24-ஐ மட்டும் பார்க்கும் பழக்கம் பல கூடங்களில் உண்டு. அந்தப் பழக்கத்தை நாங்கள் கைக்கொள்ளவில்லை; ஒவ்வொரு படியிலும் இரண்டு எண்களையும் அருகருகே எழுதினோம்.

எங்களுக்குக் கையளிக்கப்பட்ட செய்முறைத் தாளில் ட்ரிஸ் பஃபர் (பிஎச்-ஐ நிலையாக வைக்கும் கரைசல்) என்று இருந்தது. ட்ரிஸுக்கு ஒரு குணம் உண்டு: வெப்பநிலை ஒரு டிகிரி குறையும்போது அதன் பிஎச் ஏறத்தாழ 0.03 கூடும். 25 டிகிரியில் 7.4 என்று சரிசெய்த கரைசலை 4 டிகிரி குளிர் அறைக்குக் கொண்டுசென்றால் அது 8-ஐத் தொட்டுவிடும். வேலூரின் சித்திரை, வைகாசியில் வெளியே வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, குளிரூட்டிய தயாரிப்பு அறையே 28-க்குக் கீழே இறங்க மறுக்கும். வித்தியாசம் அதற்கேற்ப இன்னும் பெரிதாகும். வைரஸைக் காக்கவென்றே குளிர் அறையைப் பயன்படுத்திவிட்டு, அதே அறையால் அதைக் கொல்லும் பிஎச்-இல் நிறுத்துவது எப்படிச் சரியாகும்? ஹெப்பஸ் பஃபருக்கு மாறினோம். அதன் பிஎச் வெப்பத்துக்கு ஏறத்தாழ பாதி அளவே அசைகிறது. பயன்படுத்தும் வெப்பநிலையிலேயே பிஎச்-ஐச் சரிசெய்ய வேண்டும் என்ற வரியையும் தாளில் சேர்த்தோம். உப்பின் அளவைக் கணிக்க நாம் பார்க்கும் மின்கடத்துத்திறனுக்கும் இதே கதைதான்: டிகிரிக்கு இரண்டு சதவீதம் மாறும். மீட்டரில் வெப்பநிலைத் திருத்தம் போட்டிருக்கிறதா என்று பார்க்காமல், உப்பின் அளவு சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

நேரத்தைக் குறைத்த பெரிய மாற்றம் கருவிகளை இயக்கும் எங்கள் மூத்த ஆபரேட்டரிடமிருந்து வந்தது. வாலாஜாப்பேட்டைக்காரர், பல ஆண்டுகள் பால் பதனிடும் ஆலையில் பம்புகளோடு பழகியவர். கூடத்தில் எல்லோருக்கும் அண்ணன். வெளியேறும் வைரஸை ஒரு பாட்டிலில் பிடித்து, மாதிரி எடுத்து, அளவெழுதி, பிறகு நீர்த்த பஃபரைச் சேர்ப்பது முதலில் இருந்த வழக்கம். ஒருநாள் அவர் கேட்டார்: “ரீடிங் எழுதுறதுக்குள்ள பத்து நிமிஷம் ஓடிடுது மேடம். தண்ணி பஃபரை முன்கூட்டியே பாட்டில்ல ஊத்தி வச்சுட்டா என்ன?” அதில் ஒளிந்திருந்த உண்மையை உடனே உணர்ந்தேன். பனிக்கட்டியில் பதித்த பாட்டிலில் சர்க்கரை கலந்த குறைந்த உப்புப் பஃபரை முன்பே அளந்து ஊற்றி, குழாயின் முனையை அதற்குள் ஆழ்த்திவிட்டோம். வைரஸ் வெளிவரும் துளியிலேயே உப்பு கால்வாசிக்கு இறங்கிவிடும். திடீரென்று உப்பு இறங்கினாலும் சவ்வூடு அழுத்தத்தால் உறை வீங்கிக் கிழியலாம் என்பதால்தான் சர்க்கரை. பாட்டிலையும் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு இரண்டு எண்களுக்கும் இடையே இருந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. மோனோலித்துக்குச் செலவழித்ததோடு ஒப்பிட்டால், இதற்கான செலவு ஒன்றுமே இல்லை.

அடுத்த படியில், வெளி ஓடு எதையும் பிடிக்காமல் உள்மையம் மட்டும் புரதங்களைப் பிடிக்கும் ரெசின் மணிகளைப் பயன்படுத்தினோம். சிறிய புரதங்கள் மணியின் உள்ளே நுழைந்து சிக்கிக்கொள்ள, பெரிய வைரஸ் உள்ளே போகாமல் வெளியே வழிந்துவிடும். ஒட்டவும் இல்லை, கழற்றவும் இல்லை என்பதால் உப்பே தேவைப்படுவதில்லை. நலிந்த வைரஸுக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் பார்த்ததில்லை. ஆனால் செல்கள் உதிர்க்கும் கொழுப்புக் குமிழ்கள் அளவிலும் மின்னூட்டத்திலும் வைரஸைப் போலவே இருப்பதால், அவை இரண்டு படிகளையும் தாண்டிக் கூடவே வந்துவிடுகின்றன. அவற்றை முழுவதுமாகப் பிரிக்க எங்களால் இயலவில்லை. எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பதிவு செய்வதோடு நிறுத்திக்கொண்டோம்.

இறுதியில் எஞ்சும் தலைவலி 0.2 மைக்ரான் கிருமிநீக்க வடிகட்டி. 120 நானோமீட்டர் துகள் அதன் வழியே போக வேண்டும் என்பது விதி. கூட்டமாக ஒட்டிய துகள்கள் வடிகட்டியிலேயே தங்கிவிடுகின்றன. செறிவைக் கூட்டிய பின் வடிகட்டினால் இழப்பு கூடியது, செறிவு குறைந்த நிலையில் வடிகட்டிவிட்டுப் பிறகு செறிவூட்டினால் குறைந்தது. ஆனால் பின்னர் செய்யும் எல்லா வேலையும் கிருமியற்ற மூடிய அமைப்பில் நடந்தாக வேண்டும், அதற்கான பைகளும் இணைப்புகளும் விலை அதிகம். இப்போது இரண்டாவது வழியில் போய்க்கொண்டிருக்கிறோம். முடிந்த வெக்டரைச் சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் உறையவைக்கிறோம். ஒருமுறை உருகிய குப்பியை மறுபடி உறையவைக்காமல், மிச்சம் இருந்தாலும் தரச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்துகிறோம்.