ஒரே கோப்பை, பல பக்கம்

இந்த வாரம் முழுக்க நான் வரைவது கைப்பிடி வைத்த ஒரு சாதாரணக் கோப்பையை மட்டும்தான். பென்சிலில், ஒவ்வொரு கோணமாக. வரையப் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

நேர் மேலிருந்து பார்த்தால் வாய் முழு வட்டம். தலையைத் தாழ்த்தத் தாழ்த்த அது நீள்வட்டமாக ஒடுங்கும்; கண்மட்டத்துக்கு வந்ததும் வெறும் நேர்கோடு. பலரும் கோட்டை விடுவது அடிப்பாகத்தில். மேசையில் சமமாக நிற்கிறதே என்று அடியை நேர்கோடாகப் போட்டுவிடுகிறார்கள். அடி கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருக்கிறது, அதனால் அதன் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இதைச் சரிசெய்தாலே கோப்பை தாளில் நன்றாக உட்கார்ந்துவிடும்.

கைப்பிடி தனிக் கதை. பக்கவாட்டில் காது மாதிரி நிற்பது, நம்மை நோக்கித் திரும்பியதும் குறுகலான பட்டையாகிவிடும். கை பழக்கத்தில் காதையே வரையப் பார்க்கும், விடாதீர்கள்.

கோடுகளுக்கு எச்பி பென்சில், நிழலுக்கு அதைவிட மென்மையான, கருமையான 4பி பென்சில் போதும். அப்புறம், எல்லாக் கோணங்களையும் ஒரே தாளில் நெருக்கி வரையுங்கள். 1907க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் ஒரு பொருளின் பல பக்கங்களை ஒரே ஓவியத்துக்குள் கொண்டுவந்தார்களே, அந்த ஆசை எனக்கு இப்போதுதான் புரிகிறது. அடுத்து வரையப் போவது கத்தரிக்கோல்.