சான்றிதழ் கேட்காத கேள்வி

ஆள் எடுப்பதற்கான மென்பொருள் செய்யும் நிறுவனம் எங்களுடையது. குழு சென்னையில், வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் பிரிட்டனில். அங்கே ஒரு நகர மன்றமோ பல்கலைக்கழகமோ வேலைக்கு விளம்பரம் கொடுத்தால், விண்ணப்பம் நாங்கள் செய்த பக்கங்கள் வழியாகத்தான் போய்ச் சேரும். படிப்பு, அனுபவம் எல்லாம் எழுதி முடித்த பிறகு கடைசியாக ஒரு பக்கம் வரும். உங்கள் இனப் பின்னணி என்ன, மதம் என்ன, மாற்றுத்திறனாளியா என்று கேட்கும். சமவாய்ப்புக் கண்காணிப்புப் பக்கம் என்று அதற்குப் பெயர். அதைப் புதிதாகச் செய்யும் வேலை எங்களிடம் வந்தது.

முதல் கூட்டத்திலேயே எங்கள் டெஸ்டர் கேட்டார்: "ஒருத்தர் தப்பா டிக் பண்ணிட்டா எப்படி வெரிஃபை பண்றது? ப்ரூஃப் அப்லோட் பண்ண ஆப்ஷன் வேணாமா?"

யாரும் சிரிக்கவில்லை. தமிழ்நாட்டில் படித்து வளர்ந்தவர்களுக்கு இது நியாயமான கேள்விதான். நம் ஊர் அரசு விண்ணப்பத்தில் சமூகம் என்ற கட்டம் வந்தால், கூடவே தாசில்தார் அலுவலகமும் நினைவுக்கு வரும். பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 18, எஸ்.டி. 1 என்று 69 சதவீதக் கணக்கு பள்ளி முடிக்கும்போதே மனப்பாடம் ஆகியிருக்கும். அந்தக் கட்டத்தில் எழுதுவது ஓர் உரிமையைக் கேட்பது. அதனால் ஆதாரம் கேட்கிறார்கள், அதனால் சான்றிதழுக்கு ஓர் எண் இருக்கிறது. அதே ஊரில் தனியார் கம்பெனிக்கு விண்ணப்பித்தால் இந்தப் பேச்சே வராது. இந்த இரண்டு பழக்கமும் ஊறிப்போன எங்களுக்கு, கேட்பார்கள் ஆனால் ஆதாரம் வேண்டாம், சொன்னாலும் தனிப்பட்ட லாபம் எதுவும் கிடையாது என்ற மூன்றாவது வகை சட்டென்று பிடிபடவில்லை.

பிரிட்டனில் அது அப்படித்தான். இனப் பின்னணி என்பது அவரவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. ஒருவர் தன்னைக் கரீபியக் கறுப்பர் என்று குறித்தால், இல்லை என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. ஒதுக்கீடு கிடையாது. தகுதியில் இருவர் சமமாக நிற்கும்போது குறைவாக இருக்கும் பிரிவைச் சேர்ந்தவரை எடுத்துக்கொள்ளலாம் என்று 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தின் 159ஆம் பிரிவு சொல்கிறது. அதைத் தாண்டி, இனத்தைப் பார்த்து ஆள் எடுத்தால் பொதுவாக அதுவே சட்டமீறல்.

அப்புறம் எதற்குக் கேட்கிறார்கள்? இதற்கு நான் குழுவில் சொன்ன உதாரணம் 2009இல் வெளியான ஓர் ஆய்வு. பிரிட்டன் அரசின் வேலை மற்றும் ஓய்வூதியத் துறைக்காகச் செய்தது. ஒரே மாதிரி படிப்பும் அனுபவமும் உள்ள கற்பனை விண்ணப்பங்களில் பெயரை மட்டும் மாற்றி உண்மையான வேலைகளுக்கு அனுப்பினார்கள். வெள்ளையர் பெயருக்கு 9 விண்ணப்பத்துக்கு ஒன்று என்று நல்ல பதில் வந்தது. ஆசிய, ஆப்பிரிக்கப் பெயர்களுக்கு 16 அனுப்ப வேண்டியிருந்தது. ஒதுக்கப்பட்டவருக்கு, தான் ஒதுக்கப்பட்டதே தெரியாது. 'இம்முறை உங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை' என்ற அதே மின்னஞ்சல்தான் எல்லாருக்கும் போகும். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், அதில் யார் நேர்காணல் வரை வந்தார்கள், யாருக்கு வேலை கிடைத்தது என்று மொத்தமாக எண்ணிப் பார்த்தால்தான் ஏதோ சரியில்லை என்பது வெளியே வரும்.

அந்த ஆய்வில் இன்னொரு விஷயம் எங்கள் தொழிலுக்கு நெருக்கமானது. சி.வி.யை அப்படியே வாங்கிய இடங்களில்தான் பாகுபாடு தெரிந்தது. நிறுவனம் தன் சொந்தப் படிவத்தில் விண்ணப்பம் வாங்கிய இடங்களில் ஏறக்குறைய இல்லை. காகிதக் காலத்துப் படிவங்களில் சொந்த விவரங்கள் உள்ள தாளைத் தனியாகக் கிழித்து எடுத்துவிட முடியும். தேர்வு செய்பவர் கைக்கு மீதித் தாள்தான் போகும்.

கிழித்து எடுக்கும் அந்தத் தாளை மென்பொருளில் எப்படிச் செய்வது என்பதுதான் எங்கள் வேலையின் பெரும்பகுதி ஆனது. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் கண்ணில் படுவது பட்டியல்தான். சரி, பட்டியலுக்கே முதலில் வருகிறேன்.

இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனக்குழுக் கேள்வி முதன்முதலில் வந்தது 1991இல். 2001இல் கலப்புப் பின்னணி, 2011இல் அரபு, ஜிப்சி அல்லது ஐரிஷ் டிராவலர், 2021இல் ரோமா என்று வளர்ந்து இப்போது ஐந்து பெரிய பிரிவுகளுக்குள் 19 கட்டங்கள். இதை அப்படியே ஒரு டிராப்-டவுனில் போட்டால் செல்போனில் விரல் தேயத் தேயத் தள்ள வேண்டும். முதல் திரையில் ஐந்து பிரிவு, அடுத்ததில் அதற்குள் இருக்கும் கட்டங்கள் என்று பிரித்தோம். பிரிட்டன் அரசின் இணைய வடிவமைப்பு வழிகாட்டியும் இப்படித்தான் சொல்கிறது. அதற்கும் முன்பே, இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல விருப்பமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொல்கிறது. நல்ல யோசனை.

பட்டியலில் எனக்குத் தனிப்பட்ட அக்கறை உள்ள கட்டம் ஒன்று உண்டு. ஆசியர் என்ற பிரிவுக்குள் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர் என்று நான்கு பெயர்கள். ஐந்தாவது 'வேறு ஆசியப் பின்னணி'. லண்டனில் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் அந்த ஐந்தாவதற்குத்தான் போக வேண்டும். பக்கத்தில் உள்ள பெட்டியில் ஒருவர் தமிழர் என்று எழுதுவார், ஒருவர் இலங்கைத் தமிழர், இன்னொருவர் ஈழத்தமிழர், வேறொருவர் இலங்கையர் என்று மட்டும். நாலும் நாலு விதமான தீர்மானம். இதையெல்லாம் நிரல் எழுதி ஒரே சொல்லாக்கிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. எழுதியது எழுதியபடி இருக்கட்டும், அறிக்கை தயாரிக்கும் இடத்தில் மட்டும் தொகுத்துக்கொள்வோம் என்றேன். தாய் சீனர், தந்தை பஞ்சாபி என்று இருப்பவருக்கும் இதே கதைதான். 'வேறு கலப்புப் பின்னணி' என்ற கட்டத்தைத் தாண்டி அவர் எழுதியதுதான் அவரைப் பற்றிய தகவல், கட்டம் அறிக்கைக்காக. இதே தமிழர் டர்பனில் பிறந்திருந்தால் தென்னாப்பிரிக்கப் படிவத்தில் பேசாமல் இந்தியர் என்று குறித்துவிட்டுப் போயிருப்பார்.

பெட்டியைக் கொடுத்துவிட்டு அதில் இருபது எழுத்துக்கு மேல் போகாது என்று தடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பெட்டியே கொடுக்காமல் இருக்கலாம்.

இனி அந்தக் கிழிக்கும் தாள். ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிகளிலும், அதைத் தழுவிய பிரிட்டன் விதிகளிலும், இனப் பின்னணி 9ஆம் பிரிவின் கீழ் சிறப்பு வகைத் தரவு, அதாவது கூடுதல் பாதுகாப்போடு கையாள வேண்டியது. சமவாய்ப்பைக் கண்காணிக்கச் சேகரிக்கலாம் என்று 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அதை வைத்து ஒரு தனிமனிதரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. நாங்கள் இந்தப் பதில்களை டேட்டாபேஸில் வேறு டேபிளில் வைத்தோம். விண்ணப்பதாரரின் பெயர் உள்ள பக்கத்திலிருந்து அங்கே போக ரெக்ரூட்டருக்கு வழியே இல்லை. திரையில் மறைப்பது மட்டும் போதாது, எக்செல்லில் இறக்கும் கோப்பிலும் வரக்கூடாது. பழைய வடிவத்தில் திரையில் இல்லாத பத்திகள் இறக்கிய கோப்பில் அழகாக வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் பணியமர்த்தல் மேலாளர், இனப் பின்னணி வாரியாக விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்க்க ஒரு ஃபில்டர் வேண்டும் என்று கேட்டார். நல்லெண்ணத்தில்தான். நேர்காணலுக்கு வருபவர்களில் பன்முகத்தன்மை வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஃபில்டரால் ஒருவரைச் சேர்க்க முடிந்தால் ஒருவரைக் கழிக்கவும் முடியும் என்று சொன்னோம். விற்பனைப் பிரிவுக்கு வருத்தம்தான். கேட்டதைச் செய்து கொடுத்தால் என்ன என்று சில வாரம் அழுத்தினார்கள். கடைசியில் அந்த நிறுவனத்தின் சட்ட ஆலோசகரே வேண்டாம் என்றதும் பேச்சு நின்றது.

இதைவிட நுணுக்கமான சிக்கல் சின்ன எண்கள். ஸ்காட்லாந்தின் ஒரு சிற்றூர் நூலகத்துக்கு ஏழு பேர் விண்ணப்பித்து, அறிக்கையில் 'ஆப்பிரிக்கர் 1' என்று வந்தால், பெயர்ப் பட்டியலைப் பார்த்தவருக்கு அது யார் என்று தெரிந்துவிடும். எனவே ஒரு எல்லைக்குக் கீழே உள்ள எண்ணைக் காட்டுவதில்லை. ஆனால் ஒரு கட்டத்தை மட்டும் மறைத்தால் மொத்தத்திலிருந்து மற்றவற்றைக் கழித்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால் இரண்டாவது ஒன்றையும் சேர்த்து மறைக்க வேண்டும். இந்த இடத்தில்தான் எங்கள் டெஸ்டர் பிரமாதமாக வேலை செய்தார். கழித்துப் பார்த்துப் பார்த்தே எங்கள் அறிக்கைகளைப் பலமுறை உடைத்தார்.

டேட்டாபேஸில் காலியாக இருக்கும் இடமும் ஒரே மாதிரி காலி அல்ல. கேள்வியே கேட்கப்படாத பழைய விண்ணப்பம், கேட்டும் தாண்டிப் போனவர், 'சொல்ல விரும்பவில்லை' என்று குறித்தவர், மூன்றும் வேறு. மூன்றாமவர் பதில் சொல்லியிருக்கிறார். அந்தப் பதில் ஒரு துறையில் மட்டும் திடீரென்று கூடினால், அங்கே யாருக்கும் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். முன்பு எல்லாவற்றையும் 'தெரியவில்லை' என்ற ஒரே தலைப்பில் போட்டுவந்தார்கள்.

பிற நாடுகளுக்குப் போனால் பக்கமே மாறும். பிரான்சில் இப்படிக் கேட்கவே முடியாது. இன அடிப்படையில் புள்ளிவிவரம் எடுக்க வழிவிடும் ஒரு சட்டப் பிரிவை 2007இல் அரசியலமைப்பு மன்றம் நீக்கியது. சிங்கப்பூரில் வேலை விண்ணப்பத்தில் இனம் கேட்க வேண்டாம் என்பது அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட முத்தரப்பு வழிகாட்டியின் நிலை. அமெரிக்காவில் ஹிஸ்பானிக்கா என்று முதலில் தனியாகக் கேட்டுவிட்டு இனத்தை அடுத்துக் கேட்பது 1997 முதல் இருந்த வழக்கம். 2024 மார்ச்சில் அரசின் புதிய தரம் இரண்டையும் ஒன்றாக்கி, மத்தியக் கிழக்கு மற்றும் வட ஆப்பிரிக்கா என்ற பிரிவையும் சேர்த்தது. நாட்டைத் தேர்ந்தெடுத்தால் பக்கம் தானாக மாறும்படி செய்திருக்கிறோம். பிரான்ஸ் என்று தேர்ந்தால் பக்கம் வராது, அவ்வளவுதான்.

பக்கம் வெளியான பிறகு ஒரு பல்கலைக்கழகத்தின் சமத்துவ அலுவலர் தன் அறிக்கையைத் திரையில் பகிர்ந்து காட்டினார். பாகிஸ்தானியப் பின்னணி உள்ளவர்கள் நிறைய விண்ணப்பிக்கிறார்கள், விண்ணப்பங்களை வடிகட்டும் முதல் கட்டத்திலேயே பெரும்பாலானோர் நின்றுவிடுகிறார்கள், நேர்காணலுக்கு வந்தவர்கள் மற்றவர்களைப் போலவே தேறுகிறார்கள். அப்படியென்றால் கோளாறு நேர்காணலில் இல்லை, அதற்கு முந்தைய வடிகட்டலில். தேடிப் பார்த்தால், எழுத்தர் வேலைக்குக்கூட பிரிட்டிஷ் பல்கலைக்கழக அனுபவம் விரும்பத்தக்கது என்று ஒரு வரி இருந்தது. யார் எப்போது போட்டது என்று யாருக்கும் நினைவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டார்கள். அடுத்த சுற்று ஆளெடுப்பு செப்டம்பரில். அதற்குள் இரண்டு சுற்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு வசதி கேட்டிருக்கிறார். அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம்.